கரிமண்ணிலும் வெள்ளை மணலிலும் கூம்பு மரம் தேடுவது எப்படி: தோட்டப்புறத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் வாயில் வருவது பழைய பெயர்தான். ஊருக்கு ஒரு பக்கம் ஈயம் தோண்டிய பழைய குட்டைகள், இன்னொரு பக்கம் ரப்பர் பால்மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்த தோட்டங்கள், அதையும் தாண்டினால் வட சிலாங்கூர் சதுப்புக் காடு. கறுத்த தண்ணீரும் கால் புதையும் மண்ணுமாக எண்பதாயிரம் ஹெக்டருக்கு அருகே விரிந்து கிடக்கிறது. மலாயில் தானா கம்புட் என்பார்கள். நாங்கள் கரிமண் என்போம்.

இந்த வழிகாட்டி அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு வரும் சில மரங்களைப் பற்றியது. தாமார் மின்யாக், செம்பிலோர், போடோ என்று உள்ளூரில் பெயர் பெற்றவை, வெப்பமண்டலத்துக்கே உரிய கூம்பு மரங்கள். பள்ளிப் புத்தகத்தில் ஊசியிலை மரம் என்று படித்துவிட்டு, பனி பெய்கிற நாட்டில் மட்டும்தான் அவை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு. நம் நாட்டுக் காட்டிலேயே இருக்கின்றன. எங்கே இருக்கும், எப்படி அடையாளம் காண்பது, கண்டால் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது: மரத்தைத் தேடாதீர்கள், மண்ணைத் தேடுங்கள். நெல் விளையாத, வாழை தேறாத, உரம் கொட்டினாலும் ஏமாற்றுகிற மண் எங்கே என்று பாருங்கள். இந்த மரங்களின் இடம் அதுதான்.

முதல் படி: எது கூம்பு மரம், எது இல்லை

ஊரில் நாலு பேரிடம் கேட்டால் மூன்று பேர் சவுக்கு மரத்தைக் காட்டுவார்கள். சவுக்கு கூம்பு மரம் இல்லை, பூக்கும் மரம். இதில் குழம்பினால் மேலே போகவே முடியாது, ஏனென்றால் நாம் போகப் போகிற காட்டிலேயே சவுக்கின் உறவுக்கார மரம் ஒன்று நிற்கிறது. ரு ரோனாங் என்பார்கள், கிம்னோஸ்டோமா நோபிலே என்பது அறிவியல் பெயர். தூரத்தில் பார்த்தால் அசல் செம்பிலோர் போலவே இருக்கும். முதல் தடவை போர்னியோத் தீவில் இருக்கும் சரவாக் மாநிலத்தில் அதைப் பார்த்துவிட்டு, செம்பிலோர் கிடைத்துவிட்டது என்று பத்துப் படம் எடுத்து நோட்டிலும் எழுதிவைத்தேன். அப்புறம் எல்லாவற்றையும் அடிக்க வேண்டியதாயிற்று.

பிரித்தறியும் வழி நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதான். சவுக்குக் குச்சி ஒன்றைப் பிய்த்து, எந்த இடத்தில் பிய்த்தேன் சொல் பார்க்கலாம் என்று பொருத்திக் காட்டி விளையாடியிருப்போம் இல்லையா? கீழே விழுந்து கிடக்கும் பச்சைக் குச்சியை எடுத்து மெதுவாக இழுங்கள். கணுவில் சட்டென்று கழன்று வந்தால், கணுவைச் சுற்றிப் பொடிப் பற்கள் போல ஒரு வளையம் தெரிந்தால், அது சவுக்கு இனம். செம்பிலோரில் கணு இருக்காது. குச்சி முழுக்க உண்மையான இலைகள், பொடிசாக வளைந்து, செதில் செதிலாக அடுக்கியிருக்கும். இழுத்தால் நார் கிழியுமே தவிர கழன்று வராது.

கேமரன் மலையிலும் கெந்திங்கிலும் பார்க்கிற பைன் மரங்களையும், கிறிஸ்துமஸுக்குத் தொட்டியில் விற்கிற அரோக்கேரியாவையும் இப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கூம்பு மரங்கள்தான், ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை.

நாம் தேடுபவை இரண்டு குடும்பங்கள். ஒன்று தாமார் மின்யாக் எனப்படும் அகாத்திஸ் சேர்ந்த அரோக்கேரியா குடும்பம், மற்றது போடோ எனப்படும் போடோகார்ப்பஸ், செம்பிலோர் எனப்படும் டக்ரிடியம் எல்லாம் சேர்ந்த போடோகார்ப் குடும்பம். இவற்றில் பாதிக்கு மேல் ஊசி இலையே கிடையாது. அகாத்திஸின் இலை மாவிலையைச் சின்னதாக்கித் தோல் போலத் தடித்தது மாதிரி இருக்கும். அதனால்தான் ஊசியிலை என்ற சொல்லை விட்டுவிட்டு கூம்பு மரம் என்றே எழுதுகிறேன்.

இரண்டாம் படி: மோசமான மண்ணில் ஏன் நிற்கின்றன

இதைப் புரிந்துகொண்டால் வரைபடத்தைப் பார்த்தே பாதி வேலையை முடித்துவிடலாம்.

நல்ல மண்ணில் பூக்கும் மரங்கள் வேகமாக வளர்ந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கூம்பு மரத்தின் கன்று மெல்ல வளர்கிறது, அதன் தண்டுக்குள் தண்ணீர் போகும் குழாய்கள் குறுகலானவை, ஓட்டத்தில் தோற்றுப் போகும். 1989இல் வில்லியம் பாண்ட் என்ற தென்னாப்பிரிக்கச் சூழலியலாளர் இதை ஆமை முயல் கதையாகவே எழுதினார். முயல் ஓட முடியாத இடத்தில்தான் ஆமைக்கு வாழ்வு. சத்து இல்லாத மண், புளித்த மண், தண்ணீர் தேங்கிய மண், பாறை முகடு. அங்கெல்லாம் எல்லோருமே மெதுவாகத்தான் வளர முடியும், அதனால் பொறுமைசாலி தாக்குப்பிடிக்கிறது. இந்த இரண்டு குடும்பங்களின் வேர்களிலும் பொடிப் பொடி முடிச்சுகள் இருக்கும், அவற்றுக்குள் பூஞ்சை குடியிருக்கும். கிடைக்கிற கொஞ்ச பாஸ்பரஸையும் விடாமல் உறிஞ்ச அது உதவுகிறது.

அப்படிப்பட்ட மண் இங்கே இரண்டு வகை.

ஒன்று வெள்ளை மணல் காடு. சரவாக்கின் இபான் மக்கள் மொழியில் கெராங்காஸ், நெல் விளையாத நிலம் என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது, ஏனென்றால் விவசாயி வைத்த பெயர். மேலே மெல்லிய இலைமக்கு, அதன்கீழ் சலவை செய்தது போல வெளுத்த மணல், அதற்கும் கீழே கறுத்து இறுகிய ஒரு தட்டு. மழை பெய்தால் தண்ணீர் அந்தத் தட்டைத் தாண்டாமல் தேங்கும், வெயில் அடித்தால் மணல் இரண்டே நாளில் காய்ந்துவிடும். தண்ணீர் எப்போதும் தேங்கி, மேலே கரிமண் படிந்த கெராங்காஸுக்கு கெராப்பா என்று தனிப் பெயர் இருக்கிறது. கூம்பு மரம் தேடுகிறவர்கள் இந்தப் பெயரை மறக்கக் கூடாது.

இன்னொன்று நம் ஊர்க் கரிமண். இலையும் கட்டையும் வேரும் தண்ணீருக்குள் மக்காமல் ஆயிரக்கணக்கான வருடங்களாக அடுக்கி வந்தது, வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்கிற வேகத்தில். சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் ஆழம். நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்து, கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும். ஆற்று வெள்ளம் அந்த மேட்டு நடுவை எட்டாது, மழைத்தண்ணீர் ஒன்றுதான் சாப்பாடு. அதனால் ஓரத்தில் பெரிய மரங்களும் நடுவே போகப் போகக் குட்டையான, ஒல்லியான மரங்களுமாகக் காடு மாறிக்கொண்டே போகும். சரவாக்கில் ஜே. ஏ. ஆர். ஆண்டர்சன் இதை ஆறு வகைகளாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

என் பெரியப்பா மண்டோராக, அதாவது தோட்ட வேலையை மேற்பார்க்கிறவராக இருந்தவர். கரிமண் தோட்டத்து வீட்டு வாசலில் முதலில் இரண்டு படிதான் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு போகும்போது மூன்று, அவர் ஓய்வு பெறும்போது ஐந்து. வீடு உயரவில்லை, மண்தான் இறங்கியது. பாரிட் என்கிற வடிகால் வெட்டித் தண்ணீரை வடித்தால் கரிமண் காற்றுப் பட்டு மக்கிச் சுருங்கும், வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் காணாமல் போகும். "தம்பி, இந்த மண்ணு நிக்கலடா, தண்ணியிலதான் மிதக்குது. தண்ணிய எடுத்தா மண்ணும் போயிடும்" என்பார். சாய்ந்து நிற்கிற செம்பனைகளும் தரைக்கு மேலே தெரிகிற வேர்களும் அதே கதையைத்தான் சொல்கின்றன. மண் பாடத்தை நாம் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை, நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

மூன்றாம் படி: எந்த மரம் எந்த இடத்தில்

தாமார் மின்யாக், அதாவது அகாத்திஸ் போர்னியென்சிஸ். சரவாக்கில் பிண்டாங், சபாவில் மெங்கிலான், புருணையில் துலோங். 50 மீட்டரைத் தாண்டி வளரும். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அருகிவரும் இனம். தீபகற்ப மலேசியாவில் இது பெரும்பாலும் மலைச்சரிவு மரம். போர்னியோவில்தான் தாழ்நிலத்து வெள்ளை மணலிலும் கரிமண் ஓரங்களிலும் கூட்டமாக நின்றது. புருணையின் பெலாயிட் மாவட்டத்தில் இருக்கும் பாடாஸ் காடு அதற்குப் பெயர்போனது. மத்திய கலிமந்தானின் சம்பிட் பக்கம் இருந்த பெரும் தோப்புகள் மரத்துக்காக வெட்டப்பட்டன. கூட்டமாக நிற்பது வெட்டுகிறவனுக்கு எத்தனை வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இதன் நெருங்கிய உறவு அகாத்திஸ் ஃப்ளாவெசென்ஸ். தீபகற்பத்தில் குனோங் தஹான், குனோங் ரபோங் பக்கத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

செம்பிலோர் என்ற பெயரில் பல டக்ரிடியங்கள் அடங்கும். நமக்கு முக்கியமானது டக்ரிடியம் பெக்டினாட்டம், இதுவும் அருகிவரும் இனம். போர்னியோ, பெலித்துங் தீவு, பிலிப்பைன்ஸ், சீனாவின் ஹைனான் என்று சிதறிக் கிடக்கிறது. தாழ்நிலத்தில் இதன் வீடு கெராங்காஸும் கரிச்சதுப்பும். சபாவில் நபவான் பக்கத்து வெள்ளை மணல் காட்டைத் தேடிப் போகிறவர்கள் இதற்காகத்தான் போகிறார்கள். மாலியாவ் பள்ளத்தாக்கின் உயர்ந்த கெராங்காஸிலும் அகாத்திஸும் டக்ரிடியமும் சேர்ந்தே நிற்கின்றன. தீபகற்பத்துக்கே உரிய டக்ரிடியம் கோமோசம் மலை முகடுகளில் இருக்கிறது, அதுவும் அருகிவரும் இனம்தான்.

போடோகார்ப்பஸ் பாலிஸ்டாக்கியஸ் கடலோரத்து மரம். மணல் கரை, பாறை முனை, கெராங்காஸ், சதுப்புநிலக் காட்டின் ஓரம். கடலோரம் என்றாலே ஹோட்டலும் ரிசார்ட்டும் வரும் இடம் என்பதால் இது அழிய வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. இதன் அண்ணன் மாதிரி இருப்பது போடோகார்ப்பஸ் நெரிஃபோலியஸ், அதற்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை. அந்தப் பெயருக்கு அரளி இலை கொண்டது என்று அர்த்தம், பார்த்தால் உண்மையிலேயே அரளி இலைதான்.

நாகேயா வாலிச்சியானாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அழிவு ஆபத்தில் இல்லை, ஆனால் அகாத்திஸோடு குழப்பிவிடும். அதோடு, தென்னிந்தியாவில் காட்டில் தானாக வளரும் ஒரே கூம்பு மரம் இதுதான், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. நம் தாத்தாக்கள் கப்பலேறி வந்த மண்ணிலும் இருக்கிறது, வந்து இறங்கிய மண்ணிலும் இருக்கிறது. முதல் தடவை இதைத் தெரிந்துகொண்டபோது நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

நான்காம் படி: வீட்டில் உட்கார்ந்தே தேடுவது

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, போக நினைக்கும் இடத்தைப் பெரிதாக்குங்கள். சாதாரண மழைக்காட்டின் மேல்பரப்பு பூக்கோசு மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். கெராங்காஸின் மேல்பரப்பு தட்டையாக, ஒரே அளவுத் தலைகளாக, கத்தரித்துவிட்டது போல இருக்கும். அதற்குள் பளிச்சென்று வெள்ளைத் திட்டு தெரிந்தால் மணல் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று தீப்பட்ட இடம், அல்லது மணல் அள்ளிய இடம்.

ஆறுகளைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்து ஆற்றில் கறுப்பு ஓடை ஒன்று வந்து விழுந்தால் அந்த ஓடையைப் பிடித்து மேலே போங்கள். அதன் தலைமாட்டில் கரிமண்ணோ கெராங்காஸோ இருக்கும்.

பிறகு ஆள் ஊன்றிய மரத்தைப் பார்த்துப் பழகுங்கள். நம் பக்கத்து ஆட்களுக்குச் சுலபமான இடம் கெப்போங்கில் இருக்கும் வனவியல் ஆராய்ச்சிக் கழகம், ஃபிரிம். கூம்பு மரங்களுக்கென்றே அங்கு ஒரு தோப்பு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போய் இலை, பட்டை, உதிர்ந்த காய் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தால், பத்து மணி நேரம் புத்தகம் புரட்டுவதைவிட அதிகம் நிற்கும்.

ஐந்தாம் படி: அனுமதி, ஆள், உடுப்பு

நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் போகக் கூடாது. தீபகற்பத்தில் 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டம் இருக்கிறது, மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். சபா, சரவாக்கில் சட்டமும் அலுவலகமும் வேறு. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது பாக்கோ தேசியப் பூங்கா. 1957இல் தொடங்கிய, சரவாக்கின் மிகப் பழைய பூங்கா. கூச்சிங்கிலிருந்து பஸ்ஸும் படகும் பிடித்துப் போய்விடலாம். கடற்கரையிலிருந்து ஏறினால் மேலே தட்டையான மணற்பாறை, அதன்மேல் கெராங்காஸ். வெள்ளை மணல், கறுத்த ஓடை, கெண்டிச் செடி, எறும்பு குடியிருக்கும் செடி, ரு ரோனாங் என்று பாடம் முழுவதும் ஒரே நாளில் நடந்து முடிகிற தூரத்தில் கிடைக்கிறது.

கரிமண் காட்டுக்குள் தனியாகப் போகவே வேண்டாம். தரை என்று நினைத்துக் காலை வைத்தால் இடுப்பு வரை இறங்கும் குழிகள் இருக்கின்றன. முழுக்கைச் சட்டை அவசியம், கொசுவுக்காக மட்டும் இல்லை. ரெங்காஸ் என்ற மரம் உள்ளே இருக்கிறது, அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்து வாரக்கணக்கில் ஆறாது. பட்டையில் கறுப்பாக ஒழுகி உறைந்த கறையைப் பார்த்தால் அந்த மரத்தில் சாயாதீர்கள். வறட்சி மாதங்களில் எங்காவது புகை வாசம் வந்தால் உடனே திரும்பிவிடுங்கள். கரிமண்ணில் தீ தரைக்கு அடியில் ஓடும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆறாம் படி: மண்ணையும் தண்ணீரையும் சோதிப்பது

கண்ணாடி பாட்டிலில் ஓடைத் தண்ணீரை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பால் ஊற்றாத தேநீர் நிறத்தில், ஆனால் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் அது சேறு, இந்தக் கணக்கில் சேராது. புளிப்பை அளக்கும் பிஎச் தாள் வைத்துப் பாருங்கள். மீன் தொட்டிக்கு விற்கிற தாள் பலவும் 6க்குக் கீழே காட்டாது, அதனால் 1 முதல் 14 வரை காட்டும் தாளாகக் கேட்டு வாங்குங்கள். 3க்கும் 4க்கும் நடுவில், அல்லது அதை ஒட்டி வந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். இந்தப் புளிப்பிலும் உயிர் இருக்கிறது. பெத்தா லிவிடா என்ற சிவந்த சண்டை மீன் இந்தச் சிலாங்கூர் சதுப்புத் தண்ணீரில்தான் வாழ்கிறது, வேறு எங்கும் இல்லை.

கரிமண்ணை ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் கறுப்புத் தண்ணீர் மட்டும் வந்து கையில் நார் மிஞ்சினால் மக்காத கரிமண். கூழாகவே வழிந்துவிட்டால் நன்றாக மக்கியது, பெரும்பாலும் வடிகால் வெட்டிய இடமாக இருக்கும். வெள்ளை மணலில் குழி தோண்ட வேண்டாம், ஓடைக்கரை அரித்த இடத்தில் அடுக்குகள் தானாகவே தெரியும்.

ஏழாம் படி: மரத்தைக் கண்டுபிடிப்பது

அண்ணாந்து பார்த்துத் தேடாதீர்கள், கழுத்துதான் வலிக்கும். கீழே பாருங்கள்.

அகாத்திஸ் தன் காயை முழுசாகக் கீழே போடாது. காய் மரத்திலேயே உடைந்து, விசிறி வடிவச் செதில்களும் ஒற்றைச் சிறகு வைத்த விதைகளும் தரையில் சிதறிக் கிடக்கும். தோல் போன்ற தடித்த இலைகளும் கிடக்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடு நரம்பு தெரிகிறதா? தெரியாது. காம்பிலிருந்து நுனி வரைக்கும் மெல்லிய நரம்புகள் அக்கம்பக்கமாக, கோடு போட்ட நோட்டு மாதிரி ஓடும். எனக்கு இதைவிட அழகான இலை வேறு தெரியாது. இப்போது பக்கத்தில் இருக்கும் தண்டுகளைப் பாருங்கள். தூண் போல நேரானது, பலகை வேர் இல்லாதது, பட்டை வட்ட வட்டச் செதிலாக உதிர்ந்து அம்மைத் தழும்பு போலக் குழி விட்டது. அதுதான்.

நாகேயாவின் இலையிலும் நடு நரம்பு இருக்காது, அங்கேதான் சறுக்கும். நாகேயா உதிர்ப்பது சதைப்பற்றுள்ள உருண்டை விதை. அகாத்திஸ் உதிர்ப்பது சிறகு வைத்த தட்டை விதை. கீழே எது கிடக்கிறது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பிசினும் காட்டிக்கொடுக்கும், அகாத்திஸின் பட்டையில் காயம் பட்ட இடத்தில் வெளிறிய பிசின் கட்டிகள் தானாகவே தொங்கும்.

அந்தப் பிசினைப் பற்றிக் கொஞ்சம். வீட்டில் புகை போடும் குங்கிலியம் இதுதானா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. ஊர்நாடான இந்தியாவில் வெள்ளைக் குங்கிலியமும் கருங்குங்கிலியமும் வேறு வேறு மரங்களிலிருந்து வருகின்றன, சாம்பிராணியும் வேறு. அகாத்திஸ் பிசினை மணிலா கோபால் என்ற பெயரில் வார்னிஷுக்காக வாங்கினார்கள். எடுக்கிற முறை மட்டும் நமக்குக் கைவந்தது, பட்டையைச் சீவுவது. பால்மரம் சீவியவர்கள் ஒரு விஷயத்தைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டால் மரம் முடிச்சுவிட்டுக் கெட்டுப்போகும். காட்டில் மேற்பார்வைக்குக் கிராணியும் இல்லை மண்டோரும் இல்லை, அவசரத்தில் ஆழமாக வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வழியே பூஞ்சையும் பூச்சியும் இறங்கும். ஆகவே பிசின் பார்க்கக் கத்தி வேண்டாம், கண் போதும்.

செம்பிலோருக்கு இன்னொரு தந்திரம். இளங்கன்றின் இலைகள் நீளமாக, விரிந்து, மென்மையான பூனைவால் மாதிரி இருக்கும். வளர்ந்த மரத்தின் இலைகள் சில மில்லிமீட்டர்தான். ஒரே மரத்தின் கீழ்க்கிளையும் மேல்கிளையும் வேறு மரங்கள் போலத் தெரியலாம். இரண்டையும் படம் எடுங்கள், இல்லாவிட்டால் பெயர் வைக்க முடியாது. மரக்காய் எதுவும் தேடாதீர்கள், பொடிசான ஒற்றை விதை குச்சி நுனியில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

போடோகார்ப்பஸுக்கு இலையின் நடுவே தெளிவான ஒற்றை நரம்பு. விதை ஒரு சதைத்தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும், முந்திரிப்பழத்தின் நுனியில் கொட்டை இருக்குமே, அந்த மாதிரி. பழுத்தால் சதைத்தண்டு சிவக்கும்.

எட்டாம் படி: பதிவு

மரம் ஒன்றுக்கு ஆறு படம். முழு மரம், பட்டை, இலையின் மேல்புறம், அடிப்புறம், விதையோ காயோ, அது நிற்கும் தரை. கடைசிப் படத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம். இலைக்குப் பக்கத்தில் இருபது சென் நாணயம் ஒன்றை வைத்து எடுங்கள், அளவு தெரியும்.

தையல் டேப்பால் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். உயரத்துக்கு, கைப்பேசியில் சாய்வுகோணம் காட்டும் செயலியை வைத்துக்கொண்டு, உச்சி 45 டிகிரியில் தெரியும் வரை பின்னால் நடங்கள். அங்கிருந்து மரம் வரைக்கும் உள்ள தூரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம் கிடைத்துவிடும். சமதரையில்தான் இது சரியாக வரும்.

அப்புறம், தாய் மரத்தைச் சுற்றிக் கன்றுகளை எண்ணுங்கள். முழங்காலுக்குக் கீழே எத்தனை, இடுப்பு வரை எத்தனை, தலைக்கு மேல் எத்தனை. பெரிய மரம் நாலு நின்று கன்று ஒன்றுகூட இல்லை என்றால் அந்தத் தோப்பு வெளியே பச்சையாக இருந்தாலும் உள்ளே கிழடாகிக்கொண்டிருக்கிறது. அகாத்திஸ் விதைக்கு முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும், மண்ணில் வருடக்கணக்கில் காத்திருக்காது. அதனால் கன்று எண்ணிக்கைதான் அந்த இடத்தின் உண்மையான நிலவரம்.

பக்கத்தில் நடப்பதையும் எழுதுங்கள். புதுப் பாரிட் எத்தனை மீட்டரில், அதில் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே, தீப்பட்ட அடிமரம் உண்டா, மணல் லோரி போகிற பாதை உண்டா. இந்த வரிகள் முக்கியம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1990களின் நடுவில் மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டர் கரிமண்ணை நெல் வயலாக்குகிறோம் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். நெல் வரவில்லை. 1997இல் வறட்சி வந்தபோது வடிந்து காய்ந்த கரிமண் பற்றிக்கொண்டது, அந்தப் புகை நம் வானம் வரைக்கும் வந்து மூடியது. கெராங்காஸின் கதை வேறு மாதிரி. மேலே இருக்கிற மெல்லிய இலைமக்கு எரிந்தாலோ வழித்தெடுக்கப்பட்டாலோ கீழே இருப்பது வெறும் மணல். புதரும் புல்லும் முளைத்து அப்படியே நின்றுவிடும், பழைய காடு திரும்புவதில்லை. அந்த வெள்ளை மணல் கண்ணாடி செய்ய உதவும் சிலிக்கா என்பதால் அதற்கு வாங்குகிற ஆளும் இருக்கிறான். ஈயத்துக்காகப் புரட்டிப்போட்ட எங்கள் ஊர் மணலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளக்காமலேயே புரியும்.

ஒன்பதாம் படி: இடத்தை மறைத்து வைப்பது

உயிரினப் படங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். அழிவு ஆபத்துள்ள இனங்களின் சரியான இடத்தை அது பொதுமக்களுக்குக் காட்டாமல் மங்கலாக்கிவிடும். ஆனால் அதே படத்தை வாட்ஸாப் குழுவில் ஜிபிஎஸ் எண்ணோடு போட்டால் அந்தப் பாதுகாப்பு எல்லாம் வீண். எங்கள் நடைக்குழுவில் ஒருவர் ஆர்வத்தில் அப்படிச் செய்தார். மூன்று மாதம் கழித்து நாங்கள் போனபோது தாய் மரம் மட்டும் நின்றது, முழங்கால் உயரக் கன்றுகள் இருந்த இடங்களில் பதினொரு குழிகள். தொட்டியில் வைக்கப் பிடுங்கியிருக்கிறார்கள். அவை பிழைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை, வேரோடு இருக்கும் பூஞ்சையை யாரும் பிடுங்கிக்கொண்டு போக முடியாது.

கன்று எடுக்காதீர்கள், விதையும் எடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடும் எடுக்காதீர்கள். நட வேண்டும் என்று கை துடித்தால் எங்கள் சதுப்பிலேயே இருக்கும் ராஜா மூசா வனக் காப்பகத்தில் 2008 முதல் பாரிட்களை அடைத்து, தண்ணீரை மேலேற்றி, மஹாங் போன்ற மரங்களை நட்டு வருகிறார்கள். அந்த மாதிரி வேலையில் போய்ச் சேருங்கள். முதலில் தண்ணீர், அப்புறம்தான் மரம் என்கிற வரிசையை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

பத்தாம் படி: ஒன்றும் கிடைக்காத நாள்

எங்கள் ஊர்ச் சதுப்பில் நான் இதுவரை ஒரு கூம்பு மரத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு நடைக்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது: தேதி, நடந்த தூரம், தேடிய மரங்களின் பெயர், தண்ணீரின் பிஎச், பாரிட்டில் தண்ணீர் மட்டம், கடைசியில் "இல்லை" என்று ஒரு சொல். தேடிப் பார்த்து இல்லை என்று எழுதுவதும் பதிவுதான், யாரும் தேடவே இல்லை என்பதற்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நோட்டை மழைக்கு முன் பிளாஸ்டிக் பையில் போடுங்கள், பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள், வீட்டுக்கு வந்த அன்று இரவே கணினியில் ஏற்றிவிடுங்கள். அதே இடத்துக்கு அடுத்த வருடம் அதே மாதத்தில் திரும்பப் போங்கள்.